கட்ட முடியாத நிலத்தைக் கொடையளித்தால் அதன் மதிப்பை எப்படிக் கணிப்பது? (நியூ ஜெர்சி, பைன்லேண்ட்ஸ்)

எடிசன்வாசி எழுதியது:

வணக்கம். நியூ ஜெர்சி மாநிலத்தின் பர்லிங்டன் கவுண்டியில், பைன்லேண்ட்ஸ் என்று அழைக்கப்படும் பைன் காட்டுப் பகுதிக்குள் எங்கள் குடும்பத்துக்கு 22 ஏக்கர் நிலம் உள்ளது. பிள்ளைகளுக்குப் பின்னாளில் உதவும் என்று 2005-இல் 88,000 டாலர் கொடுத்து வாங்கினோம். அதில் ஏறத்தாழ 15 ஏக்கர் வெண்சீடர் மரங்கள் அடர்ந்த சதுப்பு. மீதி 7 ஏக்கர் மணற்பாங்கான மேட்டு நிலம். நிலம் முழுவதும் பைன்லேண்ட்ஸ் திட்டத்தின் மிகக் கடுமையான காப்பு வட்டாரத்துக்குள் வருவதால் எங்களால் அங்கே வீடு கட்ட இயலாது. ஆண்டுதோறும் சொத்து வரி மட்டும் கட்டி வருகிறோம்.

எங்கள் நிலத்தை ஒட்டி ஓர் அறக்கட்டளையின் காப்புக்காடு இருக்கிறது. நிலத்தைக் கொடையாகப் பெற்றுக்கொள்ள அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். மதிப்பை மட்டும் நாங்களே தனியாக ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்திக் கணித்துக்கொள்ள வேண்டுமாம். இதைப் பற்றி விசாரித்தபோது நேர்மாறான இரண்டு பதில்கள் கிடைத்தன. வீடு கட்ட முடியாத நிலத்துக்கு மதிப்பே கிடையாது, வரிக் கழிவு கேட்பதே வீண் என்கிறார் ஒரு நண்பர். தொலைபேசியில் அழைத்த ஓர் ஆலோசகரோ, மேட்டு நிலத்தில் ஏழு வீடுகள் கட்டலாம் என்ற அடிப்படையில் மதிப்பீட்டு அறிக்கை வாங்கித் தருவதாகவும், கிடைக்கும் கழிவில் ஒரு விழுக்காட்டைத் தமக்குக் கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். இந்த இரண்டில் எது சரி? அல்லது இரண்டுமே தவறா?

தென்ஜெர்சி மதிப்பீட்டாளர் எழுதியது:

இரண்டுமே தவறு, ஐயா. இரண்டாமவரின் யோசனை ஆபத்தானதும்கூட, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பிடப்படும் தொகையின் விழுக்காட்டைக் கட்டணமாகக் கொண்டு தயாரிக்கப்படும் அறிக்கை, கொடைக்கான வரிக் கழிவைப் பொறுத்தவரை தகுதியான மதிப்பீடே ஆகாது என்று கூட்டாட்சி அரசின் வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வகுத்த விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. கட்டணம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்ட ஒரு தொகையாக இருக்க வேண்டும்; மதிப்பு கூடினாலும் குறைந்தாலும் அது மாறக் கூடாது. அந்த ஆலோசகரின் அழைப்பை இனி ஏற்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரிச் சட்டம் கேட்பது நியாயமான சந்தை மதிப்பை. வாங்கியாக வேண்டும் என்றோ விற்றாக வேண்டும் என்றோ எந்த நெருக்கடியும் இல்லாத இருவர், நிலத்தைப் பற்றிய முக்கியமான உண்மைகளை அறிந்த நிலையில், கொடை நடக்கும் நாளில் எந்த விலைக்குக் கைமாற்றுவார்களோ அதுதான் அந்த மதிப்பு. நிலத்தின் உச்சப் பயன்பாடு எது என்பதைக் கண்டறியாமல் இந்த விலையைச் சொல்ல முடியாது. அந்தப் பயன்பாடு சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாக, நிலத்தின் இயல்புக்கு இயலக்கூடியதாக, பொருளாதார ரீதியில் கட்டுபடியாகக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறியவற்றுள் எது மிகுந்த பலனைத் தருமோ அதையே கொள்ள வேண்டும். 1934-ஆம் ஆண்டின் ஓல்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியும் இதையொட்டியதே: ஒரு பயன்பாட்டுக்கு நிலம் ஏற்றதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பயன்பாட்டுக்கான தேவை இப்போதே இருக்க வேண்டும், அல்லது நியாயமான அண்மைக் காலத்தில் எழக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஏழு வீடுகள் என்ற கணக்கு முதல் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. பைன்லேண்ட்ஸ் பாதுகாப்புச் சட்டம் 1979-இல் இயற்றப்பட்டது. அதன் விரிவான மேலாண்மைத் திட்டம் 1981 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் நிலம் வாங்கும்போதே இந்தத் தடைகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சட்டம் ஒருவேளை இடம் கொடுத்தாலும் மண் கொடுக்குமா என்பது சந்தேகம். இந்தப் பகுதியில் செப்டிக் தொட்டி அமைக்க, பருவகால நிலத்தடி நீர்மட்டம் குறைந்தது ஐந்து அடிக்குக் கீழே இருக்க வேண்டும். நாங்கள் கையால் திருகும் ஆகர் துளைப்பானை மண்ணில் இறக்கி, வரும் மண்ணை வரிசையாகத் தரையில் பரப்பி வைப்போம். மேலே சாம்பல் வெள்ளையாகச் சர்க்கரை போன்ற மணல் வரும். அதற்குக் கீழே காப்பி நிற அடுக்கு. இன்னும் கீழே மஞ்சள் மணலில் துருநிறப் புள்ளிகளும் வெளிறிய திட்டுகளும் தென்படத் தொடங்கும். அந்தப் புள்ளிகள் தொடங்கும் ஆழம்வரை தண்ணீர் ஆண்டுதோறும் ஏறி நிற்கிறது என்று பொருள். சீடர் சதுப்பை ஒட்டிய மேட்டில் லேக்ஹர்ஸ்ட் வகை மணல் இருந்தால் அந்த ஆழம் பெரும்பாலும் ஐந்து அடியை எட்டாது. நடந்து பார்க்கும்போது காய்ந்து கிடக்கும் மேட்டு நிலமும் இந்தச் சோதனையில் தேறாமல் போவதை அடிக்கடி காண்கிறோம்.

ஆனால் கட்ட முடியாது என்பதால் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. இத்தகைய நிலங்களும் விற்கத்தான் செய்கின்றன. மான் வேட்டைக் கழகங்கள் வாங்குகின்றன. பக்கத்து நிலத்துக்காரர் தம் எல்லையை நேராக்கிக்கொள்ளவோ தனிமைக்காகவோ வாங்குகிறார். கிரான்பெரி விவசாயிக்கு அறுவடையின்போதும் குளிர்காலத்திலும் பாத்திகளை மூழ்கடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆகவே ஓடையின் மேற்பகுதியில் இருக்கும் சதுப்பு அவருக்குப் பயன்படுகிறது. சீடர் மரத்துக்கும் விலை உண்டு, ஆனால் அதை வெட்ட அனுமதியும் மறுவளர்ப்புத் திட்டமும் தேவை. வீட்டு மனை விலையோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சிறிய தொகைகள்தாம். உங்கள் நிலத்தின் மதிப்பு இந்த விற்பனைகளிலிருந்துதான் வர வேண்டும்.

முன்னாள் தரகர் எழுதியது:

மதிப்பீட்டாளர் ஐயா சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சந்தையில் வாங்குபவர்கள் இன்றைய சட்டத்தை மட்டும் பார்த்து விலை கொடுப்பதில்லை, நாளை மாறக்கூடும் என்ற எதிர்பார்ப்புக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள். 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி அரசின் தூய நீர்ச் சட்டம் எந்தச் சதுப்பு நிலங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பெரிதும் சுருக்கிவிட்டது. ஆறு, ஏரி போன்றவற்றோடு தொடர்ச்சியான மேற்பரப்பு நீர்த் தொடர்பு இல்லாத சதுப்புகள் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலகிவிட்டன. அந்த நம்பிக்கைக்கும் ஒரு விலை இருக்க வேண்டும் அல்லவா?

தென்ஜெர்சி மதிப்பீட்டாளர் எழுதியது:

எதிர்பார்ப்புக்கும் விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதை நான் ஒரு எண்ணாகக் கற்பித்துக் கூட்டக் கூடாது. கட்ட முடியாத நிலங்கள் கைமாறிய விலைகளில் அந்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதே தடைகளின்கீழ் இருக்கும் ஒரு சதுப்பை ஒருவர் என்றாவது விதி மாறும் என்ற எண்ணத்தில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தால், அந்தக் கூடுதலும் அவர் கொடுத்த விலைக்குள்தான் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு முறை கூட்டினால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணியதாகும்.

சாக்கெட் தீர்ப்பைப் பொறுத்தவரை, அது கூட்டாட்சிச் சட்டத்தின் எல்லையைப் பற்றியது. நியூ ஜெர்சியில் 1987-ஆம் ஆண்டின் நன்னீர்ச் சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் தனியாக நிற்கிறது. பைன்லேண்ட்ஸ் பகுதிக்கு மேலாண்மைத் திட்டத்தின் விதிகளும் உண்டு, அதன்படி சதுப்பின் ஓரத்திலிருந்து 300 அடிவரை இடைவெளி விடச் சொல்ல முடியும். இவை எதையும் அந்தத் தீர்ப்பு தொடவில்லை. மாநிலச் சட்டம் இல்லாத வேறு ஏதாவது மாநிலத்தில் இந்த நிலம் இருந்திருந்தால் நீங்கள் சொல்வது பொருந்தியிருக்கலாம்.

நிலக்காவலர் எழுதியது:

நான் ஓர் அறக்கட்டளையில் தன்னார்வலராகப் பல ஆண்டுகளாக இந்தக் காடுகளில் எல்லை பார்த்து வருகிறேன். வேட்டைக் கழகத்தார் கொடுக்கும் விலையையும் பக்கத்துக்காரர் கொடுக்கும் விலையையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்வது எனக்கு வருத்தமளிக்கிறது. இந்த மணலுக்கடியில் இருக்கும் கிர்க்வுட்-கோஹான்ஸி நீர்த்தேக்கத்தில் 17 டிரில்லியன் காலன் தண்ணீர் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. சீடர் சதுப்பு அந்த நீரோடு இணைந்த நிலம். பைன் காட்டு மரத்தவளை வாழ்வதும் இத்தகைய அமில நீர்ச் சதுப்புகளில்தான். 1978-இல் நாட்டின் முதல் தேசியக் காப்பகமாக இந்தப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கர்களை நாடாளுமன்றம் அறிவித்ததே இதற்காகத்தானே?

இன்னொரு நியாயமும் இருக்கிறது. மாநில அரசின் கிரீன் ஏக்கர்ஸ் திட்டம் 1961 முதல் நிலம் வாங்கி வருகிறது. அறக்கட்டளைகளும் வாங்குகின்றன; 2003-இல் நியூ ஜெர்சி கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஒரு பெரும் கிரான்பெரிப் பண்ணையை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர்களை வாங்கியது. அதுதான் இன்று ஃபிராங்க்ளின் பார்க்கர் காப்பகம். இப்படிப் பாதுகாப்புக்காக வாங்குபவர்கள் இந்த வட்டாரத்தின் முக்கியமான வாங்குநர்களாகவே இருக்கும்போது, அவர்கள் கொடுத்த விலையை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவது எப்படி முறையாகும்?

தென்ஜெர்சி மதிப்பீட்டாளர் எழுதியது:

அம்மா, இந்த இழையின் மிகக் கடினமான கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தொழிலுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு.

அந்த நீரும் தவளையும் விலைமதிப்பற்றவை என்பதில் எனக்கு உங்களைவிடக் குறைந்த உறுதி இல்லை. ஆனால் அந்த நன்மை மாநிலம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. நிலத்தை வாங்குபவர் அதைத் தம் கைக்குள் வைத்து யாருக்கும் விற்க முடியாது. நியாயமான சந்தை மதிப்பு என்பது ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் விலை மட்டுமே. ஆகவே நிலத்தைக் காப்பதையே அதன் உச்சப் பயன்பாடாக அறிக்கையில் எழுத முடியாது. கூட்டாட்சி அரசு நிலம் வாங்கும்போது பின்பற்றும், மஞ்சள் புத்தகம் என்று நாங்கள் சொல்லும் மதிப்பீட்டு நெறிமுறையும், வருமானமோ விலையோ தராத பாதுகாப்புப் போன்ற பயன்பாட்டைச் சந்தை மதிப்புக்கு அடிப்படையாக ஏற்பதில்லை. அந்தப் புத்தகம் வரிக் கொடைகளைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது; ஆயினும் அதன் தர்க்கத்தைத் தள்ளிவிட்டு எழுதப்படும் அறிக்கை வரி நீதிமன்றத்தில் தடுமாறும்.

அதே வேளையில் பாதுகாப்பு அமைப்புகள் வாங்கிய விலைகளை நான் அடியோடு ஒதுக்குவதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக விசாரித்துப் பார்ப்பேன். விற்றவர் வேறு யாருக்கும் காட்டாமல் நேரே அரசிடம் போனாரா, அல்லது நிலம் வெளிச்சந்தையில் இருந்ததா? தங்கள் காப்புக்காட்டின் நடுவே இருக்கும் துண்டு என்பதால் அமைப்பு கூடுதல் கொடுத்ததா? விலையில் ஒரு பகுதியை விற்றவர் கொடையாக விட்டுக்கொடுத்தாரா? அப்படியென்றால் ஆவணத்தில் இருக்கும் தொகை முழு விலையே அல்ல. மாநிலத்தின் வடக்கே உள்ள ஹைலேண்ட்ஸ் பகுதி விற்பனை என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தப் பகுதியைக் காக்க வந்த 2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய ஸோனிங்கின்படியும் (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற வட்டார விதி) இன்றைய ஸோனிங்கின்படியும் இரண்டு மதிப்புகள் எடுத்து, உயர்ந்ததைப் பேச்சுக்கு அடிப்படையாகக் கொள்ளும் ஏற்பாடு அங்கே அரசுக் கொள்முதலுக்கு இருந்து வந்திருக்கிறது. பழைய ஸோனிங்கை வைத்துக் கொடுக்கப்பட்ட விலை, இன்றைய சந்தையில் தனி ஒருவர் கொடுக்கும் விலை அல்ல. அதை ஒப்பீட்டில் சேர்த்தால் முழு அறிக்கையும் பழுதாகிவிடும். இப்படியெல்லாம் சலித்த பிறகும் நிற்கும் பாதுகாப்புக் கொள்முதல்களைத் தனியார் விற்பனைகளுக்குத் துணையாக, காரணத்தை எழுதி வைத்து, சேர்த்துக்கொள்வேன். தனியார் விற்பனை ஒன்றுகூட இல்லாமல் அவற்றை மட்டுமே நம்பி அறிக்கை எழுத எனக்கு மனம் ஒப்பாது.

நிலக்காவலர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. முழுவதுமாக உடன்பட என்னால் இயலவில்லை. ஒரு வட்டாரத்தில் விற்கும் சதுப்பில் பெரும்பகுதியை வாங்குபவர்கள் பாதுகாப்பு அமைப்புகளாகவே இருந்தால், அங்கே சந்தை என்று சொல்லத்தக்கது அவர்கள்தாம் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனாலும் கொடையளிப்பவர் தணிக்கையில் சிக்கிக்கொள்வதை எந்த அறக்கட்டளையும் விரும்பாது. எடிசன்வாசி ஐயாவுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். மணற்சாலை ஓரத்தில் யாராவது பழைய டயர்களையோ கட்டடக் கழிவுகளையோ கொட்டியிருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். நான்கு சக்கர மோட்டார் வண்டிகள் புகுந்து தடம் போட்டிருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். பத்திரம் எழுதுவதற்கு முன் அறக்கட்டளை இவற்றைக் கேட்கும், மதிப்பீட்டாளருக்கும் தேவைப்படும்.

எடிசன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பைன்லேண்ட்ஸ் வளர்ச்சிக் கிரெடிட் என்று ஒன்று இருப்பதாகவும், கட்ட முடியாத நிலத்துக்கும் அது கிடைக்கும் என்றும் கேள்விப்பட்டேன். எங்கள் நிலத்துக்கு அது உண்டா? பல தலைமுறைகளாக அங்கே வசிக்கும் பக்கத்துக் குடும்பம் ஒன்று விதிவிலக்குப் பெற்று வீடு கட்டியிருக்கிறது; அதை வைத்து எங்கள் நிலத்துக்கும் கட்டும் வாய்ப்பு இருப்பதாகக் காட்ட முடியுமா?

தென்ஜெர்சி மதிப்பீட்டாளர் எழுதியது:

கிரெடிட் உண்டு. உங்கள் நிலத்தில் உள்ள மதிப்பில் முக்கியமான பங்கு அதுவாகவே இருக்கலாம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காப்பு வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பவர் கட்டும் உரிமையை இழந்ததற்கு ஈடாக, அந்த உரிமையைக் கிரெடிட்டாகப் பிரித்து, வீடுகள் கட்ட அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி வட்டாரத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். ஒரு கிரெடிட்டில் நான்கு உரிமைகள் அடங்கும். ஓர் உரிமையைக் கொண்டு கூடுதலாக ஒரு வீடு கட்ட முடியும். இந்த வாங்கல் விற்றலுக்கு உதவ 1985-இல் மாநிலச் சட்டமன்றம் தனியாக ஒரு கிரெடிட் வங்கியை ஏற்படுத்தியது. காப்பு வட்டாரத்தில் 39 ஏக்கர் மேட்டு நிலத்துக்கு ஒரு கிரெடிட், 39 ஏக்கர் சதுப்புக்குப் பொதுவாக 0.2 கிரெடிட். உங்கள் 7 ஏக்கர் மேட்டுக்கு ஏறத்தாழ 0.18, 15 ஏக்கர் சதுப்புக்கு ஏறத்தாழ 0.08. கூட்டினால் கால் கிரெடிட்டை ஒட்டி வருகிறது, அதாவது ஓர் உரிமை. இது என் உத்தேசக் கணக்கு மட்டுமே. பைன்லேண்ட்ஸ் ஆணையத்துக்கு எழுதி, எத்தனை கிரெடிட் என்பதற்கான விளக்கக் கடிதம் வாங்க வேண்டும். எது மேடு, எது சதுப்பு என்ற எல்லை சற்று நகர்ந்தாலும் எண் மாறும். அந்தக் கடிதம் கைக்கு வராமல் எந்தப் பொறுப்பான மதிப்பீட்டாளரும் உங்கள் அறிக்கையில் கையெழுத்திட மாட்டார்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒப்பீட்டுக்கு நான் எடுக்கும் பிற சதுப்பு நிலங்களில் கிரெடிட் பிரித்து விற்கப்பட்டுவிட்டதா, இன்னும் நிலத்தோடு இருக்கிறதா என்பதைக் கவுண்டி கிளார்க் அலுவலகப் பதிவுகளில் ஒவ்வொரு பத்திரமாகப் பார்க்க வேண்டும். பிரித்திருந்தால் அந்த நிலத்தின்மீது நிரந்தரக் கட்டுப்பாடு ஒன்று பதிவாகியிருக்கும். கிரெடிட்டோடு விற்ற நிலத்தின் விலையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் உங்கள் கிரெடிட்டின் விலையைக் கூட்டிவிட்டால் இரட்டைக் கணக்காகிவிடும். இந்தத் தவறு உள்ள அறிக்கைகளை மறு ஆய்வுக்காகப் படித்திருக்கிறேன்; நிலத்தின் மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல் தெரிந்தது. கிரெடிட்டை நீங்கள் முன்பே தனியாக விற்றுவிட்டு வெறும் நிலத்தைக் கொடையளித்தால், மதிப்பீடும் கட்டுப்பாடு ஏறிய வெறும் நிலத்துக்கு மட்டுமே. பிரிக்காமல் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து கைமாறுகின்றன. எது நல்லது என்பதை வரிக்கணக்கர் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் குடும்பத்தின் வீட்டைப் பற்றி: 1979 பிப்ரவரி 7 முதல் ஒரே குடும்பத்தின் உடைமையாகவே இருந்து வரும் நிலத்தில், பைன்லேண்ட்ஸில் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் தாங்கள் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ள இடம் தரும் விதிவிலக்கு அது. 2005-இல் வாங்கிய உங்களுக்கு அந்த வழி கிடையாது. அப்படியே உங்களுக்கு இருந்திருந்தாலும், உங்களிடம் வாங்குபவருக்கு அது கைமாறாது. வாங்குபவருக்குக் கிடைக்காத ஒன்றுக்குச் சந்தை விலை கொடுக்காது.

வரிக்கணக்கர் எழுதியது:

மதிப்பீட்டைப் பற்றி நல்ல விளக்கம் வந்துவிட்டது. வரிப் பக்கத்தை நான் சொல்கிறேன். எடிசன்வாசி அவர்கள் முடிவெடுக்கும் முன் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் 88,000 டாலர் கொடுத்து வாங்கினீர்கள். இன்றைய நியாயமான மதிப்பு அதைவிடக் குறைவாக வருவதற்கே வாய்ப்பு அதிகம். கொடையளித்தால் கழிவு இன்றைய மதிப்புக்கு மட்டுமே கிடைக்கும். வாங்கிய விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு எந்த வகையிலும் திரும்பாது. இதே நிலத்தை முதலீடாக வைத்திருந்த நீங்கள் உறவினரல்லாத ஒருவருக்கு விற்றால், அந்த வித்தியாசம் மூலதன நட்டம் ஆகும். அதைப் பங்குச் சந்தை போன்றவற்றின் மூலதன லாபத்துக்கு எதிராகக் கழிக்கலாம். மீதியில் ஆண்டுக்கு 3,000 டாலர்வரை பிற வருமானத்திலும் கழித்து, எஞ்சியதை அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டு செல்லலாம். ஆகவே அறக்கட்டளையே நிலத்தை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ள, கிடைத்த பணத்தை நீங்கள் உங்கள் விருப்பப்படி பின்னர் நன்கொடையாகத் தருவது சில குடும்பங்களுக்கு நேரடிக் கொடையைவிட மேலானது. ஆனால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளக் கூடாது. அறக்கட்டளையிடம் பணம் இல்லையென்றால் இந்த வழியே இல்லை என்பதும் உண்மை.

அடுத்து, பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று. பாதுகாப்பு ஈஸ்மென்ட் கொடுப்பவருக்குச் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில், அதாவது ஏ.ஜி.ஐ.யில், 50 விழுக்காடுவரை கழிவும், மிஞ்சியதைப் 15 ஆண்டுகள் கொண்டு செல்லும் சலுகையும் உண்டு. அது நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வளர்ச்சி உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுப்பது போன்ற பகுதிக் கொடைகளுக்கானது. நீங்கள் நிலம் முழுவதையும் பத்திரம் எழுதிக் கொடுக்கிறீர்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விலை ஏறிய நிலத்தை இப்படிக் கொடுத்தால் வரம்பு 30 விழுக்காடு. விலை இறங்கிய நிலத்துக்கு 50 விழுக்காடு. எதுவாயினும் மீதியை ஐந்து ஆண்டுகள் மட்டுமே கொண்டு செல்லலாம். 2026 முதல் ஏ.ஜி.ஐ.யின் அரை விழுக்காட்டுக்கு மேற்பட்ட கொடைக்குத்தான் கழிவு என்ற புதிய விதியும் சேர்ந்துள்ளது. செலவுகளை வகைவாரியாகக் காட்டாமல் நிலையான கழிவை மட்டும் எடுப்பவருக்கு நிலக் கொடையால் வரிப் பலன் எதுவும் இராது.

ஆவணங்கள்: கழிவு 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியான மதிப்பீடு கட்டாயம், 8283 எண் படிவத்தில் மதிப்பீட்டாளரும் அறக்கட்டளையும் கையெழுத்திட வேண்டும். அறக்கட்டளையின் கையெழுத்து நிலத்தைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே, மதிப்பை ஏற்றதாகப் பொருள் ஆகாது. கழிவு 5,00,000 டாலரைத் தாண்டினால் முழு அறிக்கையையும் வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும். அது உங்களுக்கு நேராது. காட்டிய மதிப்பு சரியான மதிப்பில் 150 விழுக்காட்டை எட்டினால், குறைவாகக் கட்டிய வரியில் 20 விழுக்காடு அபராதம். 200 விழுக்காட்டை எட்டினால் 40 விழுக்காடு. இரண்டாவதில் மதிப்பீட்டாளரை நம்பினேன் என்ற நல்லெண்ண வாதம்கூட எடுபடாது. ஏழு வீடுகள் என்று எழுதச் சொன்னவர் உங்களை நேரே அந்த 40 விழுக்காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார்.

சதுப்போரத்தான் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் இதோடு தொடர்புடையது. மிடில்செக்ஸ் கவுண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் சதுப்பு இருக்கிறது. மனையை இரண்டாகப் பிரிக்க விண்ணப்பித்தபோது, அந்தச் சதுப்பை டவுன்ஷிப்புக்குக் கொடுத்தால் பிரிவினைக்கு ஒப்புதல் எளிதாகும் என்று பேச்சு எழுந்தது. கொடுத்தால் அதற்கும் வரிக் கழிவு கேட்கலாமா?

வரிக்கணக்கர் எழுதியது:

ஒப்புதலுக்கு ஈடாகக் கொடுப்பது கொடை ஆகாது. பிரிவினை ஒப்புதலால் உங்கள் மீதி மனைக்கு ஏறும் மதிப்பு, கொடுக்கும் சதுப்பின் மதிப்பைவிட அதிகமாகவே இருக்கும். ஆகவே கழிவு கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது. விண்ணப்பம் எதுவும் நிலுவையில் இல்லாத காலத்தில், எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் கொடுத்திருந்தால் அது வேறு கதை.

தென்ஜெர்சி மதிப்பீட்டாளர் எழுதியது:

ஒரு சேர்க்கை. உங்கள் நிலம் பைன்லேண்ட்ஸுக்கு வெளியே இருப்பதால், மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் சதுப்பின் எல்லையை உறுதிசெய்யும் விளக்கக் கடிதம் வாங்குங்கள். சதுப்பின் தரத்தைப் பொறுத்து இடைவெளி 50 அடியாகவோ 150 அடியாகவோ இருக்கும். சாதாரண வகையென்றால் இடைவெளியே தேவையில்லை. பிரிவினைக்கு எத்தனை அடி மிஞ்சும் என்பதே அதைப் பொறுத்தது.

எடிசன்வாசி எழுதியது:

மனைவியோடு உட்கார்ந்து அனைத்தையும் படித்தோம். அறக்கட்டளையிடம் கேட்டதில், இப்போது வாங்குவதற்கு அவர்களிடம் நிதி இல்லை என்றும், பராமரிப்புக்காக நாங்கள் ஒரு சிறு தொகையும் சேர்த்துக் கொடுத்தால் நன்று என்றும் சொன்னார்கள். நட்டத்தைக் கணக்கில் கொண்டு வர வேறு யாருக்கோ விற்பதற்கு எங்களுக்கு மனமில்லை. அந்தச் சீடர் சதுப்பு அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முடிவுக்கே வந்தோம். ஆகவே கிரெடிட்டைப் பிரிக்காமல், நிலத்தை முழுவதுமாகக் கொடையளிக்கப் போகிறோம். ஆணையத்துக்குக் கடிதம் கேட்டு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். அது இந்த ஆண்டு முடிவதற்குள் வருமா என்பது தெரியவில்லை. பத்திரத்தை டிசம்பரிலேயே பதிவு செய்துவிட்டு, மதிப்பீட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

வரிக்கணக்கர் எழுதியது:

மதிப்பீட்டு அறிக்கை கொடை நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பாகக் கையெழுத்திடப்பட்டிருக்கக் கூடாது. அந்த ஆண்டுக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளுக்குள், நீட்டிப்பு வாங்கினால் அந்த நீட்டிப்பு நாளுக்குள், உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆகவே டிசம்பரில் பத்திரம் பதிவு செய்துவிட்டு அடுத்த ஆண்டில் அறிக்கை வாங்குவதற்குச் சட்டத்தில் தடையில்லை. மதிப்பு மட்டும் கொடை நாளின் மதிப்பாக இருக்க வேண்டும். ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் கடிதம் வரும்வரை பொறுத்திருப்பேன். கிரெடிட் எவ்வளவு என்று தெரியாமலேயே நிலத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு எண் எதிர்பாராத அளவுக்கு மாறி வந்தாலும் திரும்பிப் போக வழியில்லை. பராமரிப்புக்குத் தரும் பணத்துக்குத் தனி ரசீது வாங்குங்கள். 250 டாலரோ அதற்கு மேலோ என்றால், ஈடாக எதையும் பெறவில்லை என்ற வாசகத்தோடு அறக்கட்டளை எழுத்துமூலம் தர வேண்டும். நிலத்துக்கும் அதே வாசகத்தோடு ஒரு கடிதம் தேவை. வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பே இவை இரண்டும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.